கணவாய்–பாக்டீரியா லேபில் பிஎச்டி: உள்ளே யார் யார், யாருக்கு என்ன வேலை?

#1 அரைகுறை_அகார்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் பிஎச்டிக்குப் போட்ட விண்ணப்பங்களில் ஒன்றுக்கு நேர்காணல் வந்திருக்கிறது. அங்கே நான் சேர ஆசைப்படும் லேபில், ஹவாய்த் தீவுக் கடலில் வாழும் குட்டைவால் கணவாயையும் (யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ்) அதன் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சம் தரும் விப்ரியோ ஃபிஷெரி பாக்டீரியாவையும் ஆராய்கிறார்கள்.

குழப்பம் இரண்டு. அவர்களுடைய உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் பிஐ (லேபின் தலைவர்), போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த ஆய்வாளர்), மாணவர்கள் போக லேப் மேனேஜர், ரிசர்ச் ஸ்பெஷலிஸ்ட், டெக்னீஷியன், இளங்கலை மாணவர்கள் என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே இருக்கிறது. எனக்குத் தெரிந்த லேபில் ஒரு கைடு, நாலு ஸ்காலர், ஒரு அட்டெண்டர். இத்தனை பேர் உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

இரண்டாவது, உலகமே மனிதக் குடல் பாக்டீரியா பின்னால் ஓடும்போது நான் கணவாயோடு போய் நின்றால் பிறகு வேலை கிடைக்குமா? வீட்டில் அப்பா, “கணவாய்க்கு எதுக்குடா அமெரிக்கா, ராமேஸ்வரத்துல கிடைக்காதா?” என்கிறார்.

#2 சும்மா_படிப்பவன்

எனக்குக் கணவாய் வறுவல் மட்டும்தான் தெரியும். அதற்கும் பாக்டீரியாவுக்கும் என்ன உறவு என்று யாராவது சொன்னால் நானும் இந்த இழையில் உட்கார்ந்துகொள்வேன்.

#3 கணவாய்க்காரி

அந்தத் துறையில்தான் பிஎச்டி செய்தேன். எந்த லேப் என்று கேட்க வேண்டாம், துறை சின்னது.

முதலில் சும்மா_படிப்பவனுக்கு. இந்தக் கணவாய் வளர்ந்தாலும் கட்டைவிரல் அளவுதான். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரவில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறால் பிடிக்க வரும். மேலிருந்து நிலா வெளிச்சம் விழும்போது, கீழே இருக்கும் வேட்டை மீனுக்கு இதன் நிழலுருவம் தெரிந்துவிடும் அல்லவா? அதைத் தவிர்க்கத்தான் வயிற்றுப் பக்கம் ஒரு ஒளி உறுப்பு. மேலே எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வெளிச்சத்தைக் கீழே விட்டுத் தன் உருவத்தை அழித்துக்கொள்கிறது. அந்த வெளிச்சம் அதன் சொந்தச் சரக்கு கிடையாது, முழுக்க பாக்டீரியாவுடையது.

ஒவ்வொரு நாளும் விடியும்போது உறுப்பில் உள்ள பாக்டீரியாவில் 90 முதல் 95 சதவீதத்தைக் கடலில் துப்பிவிடும். மிச்சம் இருப்பது பெருகி மாலைக்குள் உறுப்பை மறுபடி நிரப்பிவிடும். வாழ்நாள் முழுக்க இதே கதைதான்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சின் ஒளி உறுப்பில் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. தாய் கொடுப்பதில்லை, கடலிலிருந்து தானே பிடிக்க வேண்டும். ஒரு மில்லி கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். அதில் விப்ரியோ ஃபிஷெரி ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் சில மணி நேரத்தில் அது மட்டும் உள்ளே போய்விடுகிறது, வேறு எதற்கும் அனுமதி இல்லை. குஞ்சின் ஒளி உறுப்பு மேல் மயிரிழைகள் ஆடிக்கொண்டிருக்கும். அவை தண்ணீரை இழுத்துவர, அங்கே சுரக்கும் சளியில் பாக்டீரியா சிறு திரளாகச் சேரும். பிறகு பக்கத்துக்கு மூன்றாக இருக்கும் ஆறு துளைகள் வழியாக உள்ளே நீந்திப் போகும். வழியில் கணவாய் விடும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவின் தாக்குதல் உண்டு. கைட்டின் சர்க்கரையின் வாசனை பிடித்துப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சோதனை.

உள்ளே போய்விட்டால் மட்டும் போதாது. ஒளி தரும் லக்ஸ் மரபணுக்களை நீக்கிய பாக்டீரியாவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் தாக்குப்பிடித்தது, அடுத்தடுத்த நாளில் எண்ணிக்கை சரிந்துவிட்டது. வாடகை தராத குடித்தனக்காரரை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளாத மாதிரிதான்.

அகார் தம்பி, உன் கேள்விகளுக்கு ராத்திரி வருகிறேன்.

#4 பழைய_பேராசிரியர்

தம்பிக்கு வாழ்த்து. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பாடம் நடத்தியவன் நான்.

உடம்பும் நுண்ணுயிரும் சேர்ந்து செய்யும் வேலையைப் படிக்க வேண்டுமென்றால் நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சிறுகுடலில் செரிக்காத அந்த மாவு பெருங்குடலுக்குப் போனதும், அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலம் உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்க உதவும். வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. பாக்டீரியாவைக் கொல்லாமல் வேலை வாங்கி உயிர் காத்த ஆராய்ச்சி அது.

அதை விட்டுவிட்டுக் கட்டைவிரல் கணவாய்க்கு விளக்குப் பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

#5 எலிவளை

சார், நான் எலிக் குடல் லேபில் போஸ்ட்டாக். உங்கள் பக்கம் பேச வேண்டியவன்தான். இருந்தாலும் அதே வேலூரிலிருந்து இன்னொரு உதாரணம் சொல்கிறேன்.

ஏழை நாடுகளில் போலியோ சொட்டு மருந்து பல குழந்தைகளிடம் சரியாக எடுபடுவதில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கெட்ட கிருமிகளும் குடல் அழற்சியும்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். வேலூர் பகுதிக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டுச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வந்தது. கிருமி குறைந்தது, அழற்சியின் அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் மருந்து எடுபடுவதில் முன்னேற்றம் இல்லை.

அருமையான ஆய்வு, நேர்மையான முடிவு. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடுகிறோம். குடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. எது யாரோடு என்ன பேசியது என்று பிரித்தெடுக்க மனிதரை வைத்துச் சோதனை செய்ய முடியாது. எலியில் முடியும், ஆனால் கிருமியே இல்லாத எலி வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் கூடாரம், கைநுழைக்க ரப்பர் உறை, உள்ளே போகும் தீவனம், தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டும். எங்கோ ஒரு ஓட்டை விழுந்தால் மாதக்கணக்கான வேலை போச்சு. கணவாய்க் குஞ்சோ அந்தப் பாக்டீரியா இல்லாமலே பிறக்கிறது, உள்ளே நுழையப்போவதும் ஒரே ஒரு இனம். எங்கள் லேபில் பல பேர் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது உண்மை.

இரண்டும் வேண்டும் சார். அமெரிக்காவில் ஜெஃப்ரி கோர்டனின் செயின்ட் லூயிஸ் குழு கிருமியற்ற எலியில் ஆரம்பித்து, டாக்கா ஆய்வாளர்களோடு சேர்ந்து, கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த ஒரு உணவுவரை வந்துவிட்டது. மெலிந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்த முடிவு 2021இல் வந்தது. வழக்கமான ஊட்ட உணவைவிட எடை நன்றாக ஏறியது. பன்றிக்குட்டி, எலி என்று படிப்படியாக இறங்கிப் பார்த்ததால்தான் எந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி போட வேண்டும் என்றே தெரிந்தது.

#6 சும்மா_படிப்பவன்

வாழைக்காய் பஜ்ஜிக்கு இனி அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

#7 கணவாய்க்காரி

பேராசிரியர் சார் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே ஒரு பதில் சொல்கிறேன், மற்றதை விட்டுவிடலாம்.

பாக்டீரியா உள்ளே குடியேறியதும் கணவாய்க் குஞ்சின் உறுப்பே மாற ஆரம்பிக்கும். பாக்டீரியாவைப் பிடிக்க உதவிய அந்த மயிரிழைப் பகுதி இனி தேவையில்லை என்று செல்கள் தாமாகச் செத்துச் சில நாளில் சுருங்கிவிடும். முதல் 12 மணி நேரம் பாக்டீரியா இருந்தால் போதும், பிறகு ஆன்டிபயாட்டிக் போட்டு எல்லாவற்றையும் அழித்தாலும் சுருங்குவது நிற்காது. இதற்கு உத்தரவு கொடுப்பது எது? 2004இல் கண்டுபிடித்தார்கள்: பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து உதிரும் ஒரு சின்னத் துண்டு. அதன் பெயர் டிரக்கியல் சைட்டோடாக்ஸின். கக்குவான் இருமல் கிருமி நம் குழந்தைகளின் மூச்சுக்குழாய் மயிரிழைச் செல்களைக் கொல்லப் பயன்படுத்தும் அதே மூலக்கூறு. அங்கே நோய், இங்கே வளர்ச்சி. ‘நச்சு’ என்று பெயர் வைத்துப் பாடப்புத்தகத்தில் அடைத்த ஒன்று இன்னொரு உடம்பில் வளர்ச்சிக்கான கட்டளையாக இருக்கிறது என்று எலியிலும் மனிதனிலும் தேடியிருந்தால் கிடைத்திருக்குமா?

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ஆள் எண்ணிக்கை பார்த்து வேலை தொடங்கும் ‘கோரம் சென்சிங்’ விவகாரமும் ஒளிவிடும் கடல் பாக்டீரியாவில்தான் 1970இல் முதலில் புரிந்தது. இன்றைக்கு மருத்துவமனைக் கிருமிகளைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று. இந்தத் துறையைக் கட்டியவர்கள் இரண்டு பேர். மார்கரெட் மெக்ஃபால்-ங்காய் விலங்கியல்காரர், நெட் ரூபி பாக்டீரியாக்காரர். 1980களின் இறுதியில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். தெற்கு கலிஃபோர்னியா, ஹவாய், விஸ்கான்சின், மறுபடி ஹவாய் என்று லேப் ஊர் ஊராக மாறியது, கூட்டு மாறவில்லை. மெக்ஃபால்-ங்காய் தன் பிஎச்டியைச் செய்தது எதில் தெரியுமா? காரல் மீனில்.

#8 சும்மா_படிப்பவன்

காரலா? காரப்பொடி என்று கூறுகட்டி விற்பார்களே, அதுவா?

#9 கணவாய்க்காரி

அதே குடும்பம்தான். தொண்டைக்குழாயைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு ஒளி உறுப்பு, அதற்குள் ஃபோட்டோபாக்டீரியம் என்ற ஒளிப் பாக்டீரியா. நாம் குழம்பில் போடுவதற்கு முன்பு அது விளக்கேற்றித்தான் வாழ்ந்திருக்கிறது.

#10 பழைய_பேராசிரியர்

சரி, அரை மனதாக ஒப்புக்கொள்கிறேன். கக்குவான் விஷயம் எனக்குப் புதிது, தேடிப் படித்துவிட்டேன். அந்த ஃபோட்டோபாக்டீரியத்தில் ‘மண்டபமென்சிஸ்’ என்றே ஒன்று உண்டு, நம் மண்டபத்தின் பெயரில். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையம் இருக்கிறது. காரலும் இருக்கிறது. ஆகவே தம்பியின் அப்பா ராமேஸ்வரம் என்று சொன்னது அவ்வளவு தப்பும் இல்லை. படித்து முடித்துவிட்டு இங்கே வந்து காரலை எடுத்துச் செய்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

#11 வன்னித்தம்பி

வணக்கம். நான் கன வருசமாக இப்படியான ஒரு கடல் விலங்கு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். முதல் கேள்விக்கு ஒருவரும் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஆராய்ச்சியைப் பற்றிக் கதைக்க எல்லாரும் வருவினம், தொட்டி கழுவ ஆள் வராது.

இந்த மாதிரி லேபில் இரண்டு உயிரை ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும். பாக்டீரியா பிரச்சினையில்லை, கிளிசராலில் போட்டு மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்தால் வருசக்கணக்காகக் கிடக்கும். கணவாய் அப்படியில்லை. லேபில் முட்டையிலிருந்து பெரிதாக வளர்த்து, அதை இணை சேர்த்து அடுத்த தலைமுறை எடுப்பது சரியான கஷ்டம். அதனால் வளர்ந்த கணவாயைக் கடலிலிருந்துதான் பிடித்து வர வேண்டும். ஹவாயில் இரவில், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, கைவலையோடு ஆழமில்லாத தண்ணீரில் நடப்பார்கள். பிடித்ததைக் கடல்நீர்ப் பையில் போட்டு ஆக்சிஜன் அடைத்து விமானத்தில் அனுப்புவார்கள். விமானம் பிந்தினால் லேப் முழுக்க ஒருவரும் சிரிக்க மாட்டினம்.

வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில் விட வேண்டும், அடியில் மணல், சாப்பிட உயிரோடு இறால். செத்த இறாலைப் போட்டால் திரும்பியும் பார்க்காது. பெண் கணவாய் தொட்டியில் வைத்த குழாய்த் துண்டில் கொத்தாக முட்டை ஒட்டும். அந்தக் கொத்தை எடுத்துத் தனி வாளியில் காற்றோட்டத்தோடு வைத்து, நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றினால், 24 டிகிரியில் ஏறக்குறைய மூன்று கிழமையில் (வாரத்தில்) பொரிக்கும். பொரிப்பதும் பொழுதுபட்ட பிறகுதான். ஆகவே இளம் மாணவர்களின் சோதனை எல்லாம் மாலை ஆறுக்குப் பிறகு தொடங்கும்.

இப்ப பட்டியலுக்கு வருவம். பிஐ பணம் கேட்டு எழுதுவார், யாருடைய கேள்வி யாருடையதோடு முட்டுது என்று பார்ப்பார். வளர்ந்த லேபில் அவர் கணவாயைத் தொட்டு வருசங்கள் ஆகியிருக்கும். போஸ்ட்டாக் ஒரு முழுப் பிரச்சினையைத் தோளில் வைத்திருப்பார், பக்கத்தில் நிற்கிற மாணவருக்குப் பைப்பெட் பிடிக்கவும் அவர்தான் சொல்லித்தருவார். பிஎச்டி மாணவர் ஒரு மரபணுவையோ ஒரு இழையத்தையோ எடுத்துக்கொண்டு கிடப்பார். இளங்கலைப் பிள்ளைகள் அகார் தட்டு ஊற்றுவது, இறாலுக்குத் தீனி போடுவது, காலனி எண்ணுவது என்று தொடங்கி, கெட்டிக்காரர் என்றால் இரண்டாம் வருசத்தில் சொந்தச் சோதனை செய்வார்கள்.

லேப் மேனேஜரும் டெக்னீஷியனும்தான் உண்மையில் லேபின் ஞாபகம். மாணவர் ஐந்தாறு வருசத்தில் போய்விடுவார், போஸ்ட்டாக் அதற்கு முதலே போய்விடுவார். எந்த உப்புச் சரக்கில் முட்டை பழுதாகும், கணவாய்க்கு வைத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஏன் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது, ஃப்ரீசரின் மூன்றாம் தட்டில் கையெழுத்து விளங்காத அந்தக் குழாய் யாருடையது, இதெல்லாம் கட்டுரையில் இருக்காது. நாங்கள் இருப்பதால் இருக்கும். கட்டுரையில் எங்கள் பெயர் கடைசிப் பத்தியில் நன்றிக்குள் வரும். சில பிஐமார் ஆசிரியர் பட்டியலிலும் போடுவினம். அதைக் கவனித்துப் பாருங்கோ, லேபின் குணம் விளங்கும்.

#12 கோடுகோடாய்

வன்னித்தம்பி அண்ணன் சொன்ன கூட்டத்தில் என்னைப் போன்றவனை விட்டுவிட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம். கடல் வாசனை பிடிக்காதவன், இருந்தாலும் இப்படி ஒரு லேபோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

2005இல் இந்த பாக்டீரியாவின் மரபணுத்தொகை வந்தது. இரண்டு குரோமோசோம், ஒரு பிளாஸ்மிட், மொத்தம் சுமார் 43 லட்சம் எழுத்து. அதை வைத்து 2009இல் மார்க் மாண்டெலும் கூட்டாளிகளும் ஒரு அழகான வேலை செய்தார்கள். ஜப்பான் அன்னாசி மீனில் வாழும் இதே இனத்தின் ஒரு வகை, கணவாய்க்குள் போகத் தடுமாறும். அதற்கு ‘ஆர்எஸ்சிஎஸ்’ என்ற ஒரே ஒரு ஒழுங்குமுறை மரபணுவைக் கொடுத்தார்கள். உள்ளே போய்விட்டது. ஒரு மரபணு, புது வீடு. சளித்திரள் கட்டுவதற்கான சாவி அதில் இருந்தது. அந்தத் திரள் கட்டும் மரபணுக் கூட்டத்தைச் சிகாகோ லயோலாவில் காரன் விசிக் லேப் பல வருடமாக நோண்டிக்கொண்டிருக்கிறது.

கணவாயின் மரபணுத்தொகை வரத்தான் 2019 ஆகிவிட்டது. சுமார் 510 கோடி எழுத்து, நம்முடையதைவிட மிகப் பெரிது, திரும்பத் திரும்ப வரும் குப்பை ஏராளம். இங்கேதான் எங்களுக்குச் சோறு. பாக்டீரியா பக்கம் எந்த மரபணுவை வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் நீக்கிவிடலாம். கணவாய் பக்கம் அது இன்னும் வழக்கமான வேலையாகவில்லை. இதனால் லேபுக்குள்ளேயே ஒரு ஏற்றத்தாழ்வு. பாக்டீரியா மாணவர் சடசடவென்று கட்டுரை எழுதுவார், விலங்கு பக்க மாணவர் நுண்ணோக்கியில் கண் வலிக்க உட்கார்ந்திருப்பார். தம்பி, நீ எந்தப் பக்கம் சேரப் போகிறாய் என்பதை முன்கூட்டியே யோசி.

#13 எலிவளை

> பாக்டீரியா மாணவர் சடசடவென்று கட்டுரை எழுதுவார்

இது எங்கள் பக்கமும் உண்டு. எலி வளர்ப்பவருக்கு ஆறு மாதம் பிடிப்பது மரபணு வரிசைப்படுத்தல் செய்பவருக்கு ஒரு வாரம். முதல் ஆசிரியர் யார் என்ற சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் முளைக்கும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் (ஊர், பெயர் வேண்டாம்) இரண்டு பேர் ஒரே கட்டுரைக்காகப் பேசாமலே ஒரு வருடம் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தார்கள். பிஐ தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார். சேரும் முன்பே ‘இந்த வேலையில் என் பங்கு எது, அவர் பங்கு எது’ என்று எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை.

#14 நெறியாளர்

உறுப்பினர்கள் யாரும் #13இல் உள்ள லேப் எது என்று ஊகித்து எழுத வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

#15 அரைகுறை_அகார்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. வன்னித்தம்பி அண்ணனின் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த ஆள் சொல்றதுதான் வேலை” என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, சோதனைக்குப் பிறகு கணவாய்க் குஞ்சுகள் என்ன ஆகும்? நான் சைவம். சாப்பாட்டுக்குச் சொல்லவில்லை, மனசுக்குக் கேட்கிறேன். இரண்டு, நேர்காணலில் நான் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

#16 கணவாய்க்காரி

முதல் கேள்வியை முதலிலேயே கேட்டது நல்லது. உள்ளே போன பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சோதனையை அப்படியே சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும் பொரித்த குஞ்சுகளை அகலவாய்ப் பைப்பெட்டால் ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தமான உப்புநீரில் அலசுவோம். குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணும் நிறப்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும், பைப்பெட் கிட்டே போனால் மை கக்கும். பிறகு பாக்டீரியா கலந்த தண்ணீரில் மூன்று மணி நேரம். மறுபடி அலசி, ஆளுக்கு ஒரு சின்னக் குப்பியில். அடுத்த நாள் குப்பியை ஒளிமானிக்குள் வைத்தால் எண் ஏறும். அந்தக் குஞ்சுக்குள் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை, நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஈஎஸ்114 என்ற பாக்டீரியா வகையை ஃபிளாஸ்கில் வளர்த்தால் கண்ணுக்கு வெளிச்சமே தெரியாது. பளபளக்கும் ஃபிளாஸ்க் படம் எடுக்க வந்த புதுசுகள் ஏமாந்து போவார்கள். கணவாய்க்குள் போனால்தான் ஒரு செல்லுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடும்.

எத்தனை பாக்டீரியா குடியேறியது என்று எண்ண வேண்டுமானால் குஞ்சை உறையவைத்து, அரைத்து, தட்டில் பரப்ப வேண்டும். நுண்ணோக்கிக்கு என்றால் முதலில் எத்தனால் கலந்த கடல்நீரில் மயக்குவோம். எப்படிச் சொன்னாலும் அது சாவுதான், மழுப்ப மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஆணையிலிருந்து கணவாய், ஆக்டோபஸ் இனமெல்லாம் முதுகெலும்புள்ள விலங்குகளைப் போலவே ஆய்வு விதிக்குள் வருகின்றன. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் முதுகெலும்பற்றவை இல்லை. 2023இல் தேசிய சுகாதார நிறுவனம் இவற்றுக்கும் வழிகாட்டுதல் கொண்டுவரலாமா என்று கருத்துக் கேட்டது. நல்ல லேப்கள் சட்டம் வரும்வரை காத்திருப்பதில்லை, தாங்களாகவே நெறிமுறை வைத்திருக்கின்றன. ‘குஞ்சுகளை எப்படி மயக்குகிறீர்கள், எண்ணிக்கையை எப்படி முடிவு செய்கிறீர்கள்’ என்று நேர்காணலில் கேள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம்.

இரண்டாவது கேள்விக்கு: உறுப்பினர் பட்டியலில் இப்போது இருப்பவர்களைவிட, போனவர்கள் பகுதியைப் பார். மெக்ஃபால்-ங்காய், ரூபி பட்டறையிலிருந்து போனவர்கள் இன்று சொந்த லேப் நடத்துகிறார்கள். விசிக், மாண்டெல் பெயர் மேலேயே வந்துவிட்டது. கனெக்டிகட்டில் ஸ்பென்சர் நைஹோம் கணவாயின் ரத்தச் செல்கள் நல்ல பாக்டீரியாவை எப்படி அடையாளம் காண்கின்றன என்று பார்க்கிறார். ஃப்ளோரிடாவில் ஜேமி ஃபாஸ்டர், ஈர்ப்புவிசை குறைந்தால் இந்த உறவு என்ன ஆகும் என்று 2011லும் 2021லும் குஞ்சுகளை விண்வெளிக்கே அனுப்பினார். ‘கணவாயோடு நின்றால் வேலை கிடைக்குமா’ என்றாயே, அதற்குப் பதில் இந்தப் பெயர்கள். ஆனால் பேராசிரியர் ஆனவர்களை மட்டும் எண்ணாதே. பட்டம் வாங்காமல் போனவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார். இருந்தால் அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போடு.

#17 எலிவளை

கடைசி வரியோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை அக்கா. நேர்காணலுக்கு முன்பே விலகிப் போனவருக்கு எழுதுவது பையனுக்கே ஆபத்து. துறை சின்னது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது இருக்கும் மூன்றாம் வருட மாணவரிடம் பிஐ இல்லாத நேரத்தில் காபி குடித்துக்கொண்டே கேட்டால் போதும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் ரொட்டேஷன் உண்டு. பிடிக்காவிட்டால் வேறு லேபுக்குப் போகலாம், நம் ஊர் மாதிரி முதல் நாளே கழுத்தில் தாலி விழாது.

#18 கணவாய்க்காரி

ரொட்டேஷன் நேரத்தில் எல்லோரும் இனிமையாகத்தான் இருப்பார்கள். எழுதுவதென்றால் சேரும் முடிவு எடுக்கும்போது எழுது என்று திருத்திக்கொள், அவ்வளவுதான். கேட்காமல் சேராதே.

#19 பழைய_பேராசிரியர்

இருவரும் தம்பியைப் பயமுறுத்தாதீர்கள். தம்பி, நேர்காணலில் அந்த வாசல் சோதனைகளைப் பற்றி உன் சொந்தக் கேள்வி ஒன்றை வைத்திரு. எனக்கு ஒன்று தோன்றுகிறது: தினமும் விடியலில் 95 சதவீதம் வெளியேறுகிறதே, அப்படியானால் உள்ளே மிஞ்சும் 5 சதவீதம் தற்செயலாக மிஞ்சுகிறதா, கணவாய் தேர்ந்தெடுக்கிறதா? இதை அவர்களிடம் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் வந்து சொல்.

#20 வன்னித்தம்பி

நல்ல கேள்வி சார். நான் சின்னக் கேள்விகள் சொல்கிறேன். தம்பி, லேபைச் சுற்றிக் காட்டும்போது பின்னுக்குப் போய்த் தொட்டி அறையைக் காட்டச் சொல்லுங்கோ. தண்ணீர் செம்புக் குழாயால் வருகுதா என்று பாருங்கோ, கணவாய்க்குச் செம்பு நஞ்சு. குளிரூட்டி நின்றால் இரவில் யாருடைய போனுக்கு அலாரம் போகும் என்று கேளுங்கோ. கிழமை முழுக்கத் தீனி போடும் முறைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் பிஐ அல்லது போஸ்ட்டாக் பெயர் இருக்கோ, சனி ஞாயிறு முழுக்க முதலாம் வருசப் பிள்ளைகளின் பெயர்தானோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கோ. குளிர்காலம், நல்ல ஜாக்கெட் ஒன்று எடுத்துப் போங்கோ.